கிழக்கே தலைவைத்த மூன்று மோட்டல்கள்

தியாகலிங்கத்திடம் மூன்று மோட்டல்கள் இருந்தன. வீடு இல்லை.

இதைச் சொல்லிச் சிரிக்காத மொன்றியல் தமிழர் குறைவு. சென்ட் லோரன்டில் ஒன்று, டோர்வலில் விமான நிலையத்துக்குக் கிட்ட ஒன்று, தீவின் மேற்கு நுனியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒன்று. எல்லாம் சேர்த்து அறுபத்தொரு அறைகள். அத்தனைக்கும் சொந்தக்காரர் குடியிருந்ததோ சென்ட் லோரன்ட் மோட்டலின் முதலாம் நம்பர் அறையில். குடியிருந்தார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். குடியிருந்தவர் மனைவி இந்திராதேவி. தியாகலிங்கம் வந்து போனார்.

மனுசனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஒரு கோப்பை தேத்தண்ணியை ஒரே இடத்தில் நின்று குடித்து முடித்த சரித்திரம் இல்லை. பாதியை வரவேற்பு மேசையில் குடிப்பார்; மிச்சத்தைப் பதினாலாம் அறையில் குழாய் திருத்தும்போது குடிப்பார். அதற்குள் ஆறிப்போயிருக்கும், முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் குடிப்பார். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்கிறாரோ இல்லையோ, அந்த மண்டபத்துக் கழிவறையில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். இல்லையென்றால் மண்டபக்காரனைத் தேடிப் பிடித்துச் சொல்வார். இந்திராதேவிக்கு வெட்கத்தில் உயிர் போகும்.

இந்த மார்ச் மாதம், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிக் கோடை நேரத்துக்கு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, இந்திராதேவி தன் உடுப்புகளை இரண்டு சூட்கேசுகளில் அடுக்கினார். தியாகலிங்கம் அறைக்குள் வந்தது அறைகளின் திறப்புக் கோர்வையை எடுக்க. சூட்கேசுகளைக் கண்டு நின்றார்.

"முதலாம் திகதி நான் சாம்பவியிட்டைப் போறன்," என்றார் இந்திராதேவி. மகள் வீட்டுக்குப் போவதைத் தலையணை உறையை மடித்துக்கொண்டே சொன்னார். "அந்த அமெரிக்கக் கொம்பனி மோட்டல்களைத் திரும்பவும் விலைக்குக் கேட்டு வருகுதாம். குடுக்கிறதெண்டாக் குடுங்கோ, ஒரு வீடு பாப்பம். சின்னன் காணும். படுக்கிற அறைக் கதவிலை நம்பர் இல்லாட்டிச் சரி. குடுக்க மாட்டியளெண்டா நீங்கள் இஞ்சையே இருங்கோ. எனக்கு அறுபத்திரண்டு வயசு. இனி ஏலாது."

அவர் சத்தம் போட்டிருந்தால் தியாகலிங்கமும் சத்தம் போட்டிருப்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். சத்தம் இல்லாதபடியால் தியாகலிங்கம் திறப்பை எடுக்க மறந்து வெளியே போனார்.

அந்த அமெரிக்கக் கம்பனியை அவர் ஏற்கெனவே இரண்டு தரம் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். விலை காணாமல் அல்ல. கட்டில்களால்தான். அது விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

தியாகலிங்கம் கனடாவுக்கு வந்தது எண்பத்தாறில். நீர்வேலியில் பிறந்தவர் என்பதற்குமேல் அவர் ஊர்க்கதை பேசியதை யாரும் கேட்டதில்லை. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. வந்த அடுத்த வருடமே டோர்வலில் ஒரு பெரிய அமெரிக்க ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. அங்கே ஒவ்வொரு அறையிலும் கட்டிலோரத்து லாச்சிக்குள் பைபிளோடு ஒரு சின்னப் புத்தகமும் இருக்கும். அந்தக் கம்பனியைத் தொடங்கிய மனுசனின் வாழ்க்கை வரலாறு. நாற்பது பக்கம், மட்டையில் தொப்பி போட்ட படம்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் பாணைக் கடித்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து, அந்தப் புத்தகத்தை வாசித்தார். யாரோ ஒரு தூரத்து ஊரில் எட்டு அறையோடு தொடங்கியவனாம். இருநூறு ஹோட்டல் ஆக்கினானாம். ஒரே கட்டிலில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் படுத்ததே இல்லையாம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிக் கதவு நிலைக்கு மேலே விரலால் தடவித் தூசி பார்ப்பானாம். வருகிறவன் கம்பளத்தின் நிறத்தை மறந்துபோவான், நித்திரையை மறக்கமாட்டான் என்று அவன் சொன்னது பதினேழாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது.

தியாகலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடடா, இவன் என்னைப்போல ஒருத்தன் எல்லோ! இருப்புக்கொள்ளாத மனுசன் உலகத்தில் தான் ஒருத்தன்தான் என்று அதுவரை நினைத்திருந்தார். புத்தகம் கிழிந்துபோக, இன்னொரு அறையில் இன்னொன்றை எடுத்தார். அப்படி நான்கு புத்தகங்கள் முடிந்தன.

தொண்ணூற்றிரண்டில் இந்திராதேவி வந்து கலியாணம் நடந்தது. வந்த புதிதில் அவருக்கும் அந்தப் புத்தகத்தை வாசித்து விளங்கப்படுத்தினார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு இந்திராதேவி கேட்டது ஒன்றே ஒன்று.

"இதிலை அவரின்ரை பெஞ்சாதியைப் பற்றி ஒண்டும் இல்லையோ?"

தியாகலிங்கம் நாற்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். இல்லை. "கலியாணம் கட்டியிருக்க மாட்டான்," என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

தொண்ணூற்றெட்டு ஒக்டோபரில் சென்ட் லோரன்டில் அந்த இருபத்திரண்டு அறை மோட்டலை வாங்கினார். விற்றவர் எலிசா என்ற கிழவி. புருசன் செத்தபின் தனியே நடத்த முடியாமல் விற்றார். வாசலில் 'மோட்டல் எலிசா' என்று சிவப்பு விளக்கில் எழுதியிருந்ததை மாற்றத் தியாகலிங்கத்துக்கு நேரம் வரவில்லை. பிறகு வாங்கிய இரண்டுக்கும் அதே பெயரையே வைத்தார். "ஆரண்ணை அந்த எலிசா?" என்று கோயிலில் பகிடி விடாத ஆளில்லை. கடைசியில் அவருக்கே 'எலிசா அண்ணை' என்று பெயர் நிலைத்துவிட்டது.

வாங்கிய அன்றைக்கு எலிசாக் கிழவி அறைகளைக் காட்டிக்கொண்டு வரும்போது தியாகலிங்கம் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டது, இதில் வடக்கு எந்தப் பக்கம் என்று. கிழவி யோசிக்காமல் ஒரு சுவரைக் காட்டினார். தெருவில் இருந்த பலகையும் அதையே சொன்னது. தியாகலிங்கத்துக்குப் பகீரென்றது. இருபத்திரண்டு கட்டிலில் பதினொன்று அந்தச் சுவரோடு தலைவைத்துக் கிடந்தன.

வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விசயமா? பிறந்த பிள்ளையையே பார்த்துத்தானே கிடத்துகிறோம். அந்தத் தொப்பி போட்ட அமெரிக்கனுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் இது ஒன்று தெரியாமல் போய்விட்டது என்று தியாகலிங்கம் கண்டுபிடித்தார். அவன் விட்ட இடத்தைத் தான் பிடித்துவிட்டதாக அவருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். எந்த அறையில் எந்த நாட்டுக்காரன் படுத்தாலும் கிழக்கே தலைவைத்துப் படுக்கவேண்டும். அப்போதுதான் நித்திரை. நித்திரைதான் மோட்டல்.

சொல்வது சுகம். கட்டில்களின் தலைமாட்டுப் பலகையெல்லாம் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினார். கட்டிலைத் திருப்பினால் தொலைக்காட்சி தலைக்குமேலே வந்தது. தொலைக்காட்சியை மாற்றினால் விளக்கு கால்மாட்டில் நின்றது. ஆறு அறைகளில் குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது. கொஞ்சம் பருத்தவர்கள் பக்கவாட்டில் நுழைந்தார்கள். வேலைக்கு ஆள் வைக்கவும் இல்லை. அறை வெறுமையாகிற நேரம் பார்த்துத் தன்னந்தனியே தள்ளினார். தைப்பொங்கலுக்கு முதல்நாள் இருபத்திரண்டாவது கட்டில் முடிந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்தநாள் காலை மோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் பொங்கல். குளிர் பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே. சப்பாத்தும் தடித்த கோட்டுமாக நின்று, காஸ் அடுப்பில், கிழக்கே பார்த்துப் பானை வைத்தார்கள். கிழக்கில் ஒரு டயர்க் கிடங்கின் சுவர். பார்த்துக்கொண்டே நின்றார்கள். சூரியன் வலது கைப்பக்கமாக, நெடுஞ்சாலைக்கு மேலால் எழும்பி வந்தது.

"இஞ்சருங்கோ," என்றார் இரண்டு வயதுச் சாம்பவியை இடுப்பில் வைத்திருந்த இந்திராதேவி. "சூரியன் தெற்காலை எல்லே எழும்புது?"

"பனிக்காலத்திலை இந்த நாட்டிலை எல்லாம் கோணல்தான். அதுவும் எங்களைப்போலை அகதியாக்கும், வழி பிசகி வருகுது," என்று சிரித்த தியாகலிங்கம் தெருமுனைப் பலகையைக் காட்டினார். "அங்கை பாரும். கவுண்மேந்து போர்டு போட்டிருக்கு. சூரியனை நம்பிறதோ, போர்டை நம்பிறதோ?"

பால் பொங்கியது.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் ஓடிற்று. பாரவண்டிக்காரர்கள் எலிசாவில் நித்திரை நன்றாக வருகிறதென்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். டோர்வல் மோட்டலை வாங்கினார், கட்டில்களைத் திருப்பினார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ மோட்டலை வாங்கினார்; அங்கும் திருப்பினார். மூன்றுக்கும் இடையில் ஓடினார். இரவு மேசையை வேறொருவர் கையில் விட மனம் வராமல் தானே பார்த்தார். மேசைக்குப் பின்னால் ஒரு சாய்கதிரை கிடந்தது. அங்கொரு மணித்தியாலம், இங்கொரு மணித்தியாலம் அதில் கண்ணை மூடுவார். விடிய அறைக்குப் போனால் இந்திராதேவி ஐந்து மணிக்கே எழும்பிச் சலவை அறைக்குப் போயிருப்பார். கட்டில் சுருக்கில்லாமல் விரித்து, தலையணை தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும். அதைக் கலைக்க மனமில்லாமல் குளித்துவிட்டு வெளியே வந்துவிடுவார். அத்தனை சனத்துக்கும் திசை பார்த்துக் கட்டில் போட்ட மனுசன் தான் கதிரையில் படுக்கிறாரே என்று கேட்டால், "கதிரைக்குத் திசை இல்லை," என்பார்.

புகழ் டோர்வல் வரை போனது. அவர் ஒருகாலத்தில் கழிவறை கழுவிய அதே அமெரிக்கக் கம்பனியே மூன்றையும் கேட்டு வந்தது. முதல் தரம் வந்தபோது தியாகலிங்கம் ஒரேயொரு நிபந்தனை சொன்னார்: கட்டில்களைத் தொடக்கூடாது. அவர்களுக்கோ எந்த ஊரிலும் ஒரே மாதிரி அறை வேண்டும். போய்விட்டார்கள். நான்கு வருடம் கழித்து வந்தார்கள். மறுபடி அதே கதை. இரண்டு தரமும் இந்திராதேவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சலவை அறைக்குப் போனார்.

மூன்றாம் தரம் கம்பனி அனுப்பியது சிசிலி என்ற பெண்ணை. ஐம்பது வயதிருக்கும், கெபெக் மாகாணத்துக்காரி, ஓட்டக்காரச் சப்பாத்து. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். கதைக்க உதவியாக, அந்த ஏரியாவிலேயே ஒரு மருந்துக் கம்பனியில் வேலை செய்யும் சாம்பவியும் லீவு போட்டு வந்திருந்தாள். சிசிலி அறை அறையாகப் பார்த்து முடித்துவிட்டு ஒன்பதாம் அறையில் நின்றார்.

"மிஸ்யூ லிங்கம், உங்கள் விருந்தினர்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். முக்கால்வாசிப் பேர் எழுதியது படுக்கை விரிப்பைப் பற்றி. காய்ந்து, இழுத்துப் பிடித்து, வாசமாக இருக்கிறதாம். யார் செய்கிறார்?"

"என்ரை மனிசி," என்றார் தியாகலிங்கம். "ஆனால் நித்திரை வாறது அதாலை இல்லை. கட்டிலாலை."

"கட்டில் இடைஞ்சலான இடத்தில் கிடக்கிறதென்றுதான் எழுதியிருக்கிறார்கள்," என்று சிசிலி சிரித்தார்.

தியாகலிங்கம் சிரிக்கவில்லை. தன் நிபந்தனையை மூன்றாம் தரமும் சொன்னார். ஏன் என்பதையும் முதல்தரமாகச் சொன்னார். அந்தப் பெண் கேலி செய்யாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்.

"எந்தக் கிழக்கு? மொன்றியல் கிழக்கா, உண்மையான கிழக்கா?"

தியாகலிங்கம் மகளைப் பார்த்தார். சாம்பவி நிலத்தைப் பார்த்தாள்.

"இந்த ஊரில் ஆறு கிட்டத்தட்ட வடக்கே பார்த்து ஓடுகிறது," என்று சிசிலி விளக்கினார். "ஆற்றோடு போனால் கிழக்கு என்று ஆதியில் பெயர் வைத்துவிட்டார்கள். தெருவெல்லாம் அந்தக் கணக்குத்தான். எங்களுக்குப் பழகிவிட்டது. மொன்றியலில் சூரியன் தெற்கில் உதிக்கும் என்று எங்கள் வீட்டிலேயே பகிடி சொல்வோம்." சொல்லிக்கொண்டே தன் போனில் திசைகாட்டியைத் திறந்து தலையணைமேல் வைத்தார்.

முள் ஆடி ஆடி நின்றது. கட்டிலின் தலைமாடு பார்த்தது வடக்கை. நேர் வடக்கு அல்ல. வடக்கிலிருந்து முப்பது பாகை தள்ளி. ஆனால் கிழக்கு என்று சொல்ல எந்த நீதிமன்றத்திலும் வழியில்லை.

"கட்டில் இரும்பு. அதுதான் முள்ளை இழுக்குது," என்றார் தியாகலிங்கம். போனை வாங்கிக்கொண்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். அங்கும் அதே. டயர்க் கிடங்குப் பக்கம் திரும்பி நின்றார். அதே. கோதாரி பிடிச்ச போன் என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். அதுவும் அப்படியே சொன்னது.

சிசிலி கோப்பி குடித்துவிட்டு ஒன்றரைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். தியாகலிங்கம் காரில் ஏறினார். சாம்பவி கார்த் திறப்பைப் பறித்துத் தானே ஓட்டினாள்.

டோர்வலில் காரை நிறுத்த முதலே இறங்கி ஓடி, வெறுமையாகக் கிடந்த மூன்று அறைகளுக்குள் புகுந்து பார்த்தார். அங்கே கொஞ்சம் கிழக்குக் கலந்திருந்தது, ஆனாலும் கிழக்கு இல்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அவர் இறங்கவேயில்லை. மோட்டல் வாசலைப் பார்த்தபடி காருக்குள் இருந்தார். எத்தனை தலைகள்! கலியாணம் முடித்த கையோடு வந்த சோடிகள், அகதியாக வந்து இறங்கி முதல் வாரம் தங்கிய குடும்பங்கள், பிள்ளையைக் கல்லூரியில் விட வந்த தாய்தகப்பன்மார். அத்தனை பேரையும் பொறுப்பாகத் திருப்பித் திருப்பி வடக்கில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

"இதுக்காகத்தான் ரண்டு தரம் அவங்களைத் துரத்தினனான்," என்றார். "நான் ஒரு விசரன், பிள்ளை."

சாம்பவி அவர் கையைப் பிடித்தாள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார். அவ்வளவுதான் அவரால் முடியும். அடுத்த நிமிடம் முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது.

"காரை எடு. திருப்புவம்."

"எங்கை?"

"காரை இல்லை, கட்டிலை. அறுபத்தொண்டையும். இந்தமுறை ஆள் பிடிப்பம். ஒரு அறைக்கு அரை நாள் போட்டாலும் ஒரு மாசத்திலை முடியும். அந்தப் பொம்பிளையை ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு."

"அப்பா, முதலாம் திகதி அம்மா போறா."

"அம்மாவையும் ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு!"

சாம்பவி காரை வேகமாக ஓட்டினாள். அவள் கோபம் காரில் தெரிந்தது. தியாகலிங்கத்துக்கு அது தெரியவில்லை. அவர் மனம் ஏற்கெனவே சென்ட் லோரன்டில் நின்று திருகாணி கழற்றிக்கொண்டிருந்தது.

வந்து இறங்கியபோது ஒரு மணி. வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. மணிக்கூட்டை மாற்றியபடியால் உச்சி வெயில் இப்போது ஒரு மணிக்குத்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. போனையும் நம்பவேண்டாம், பலகையையும் நம்பவேண்டாம். நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து வந்து கார் நிறுத்துமிடத்தில் நிமிர்த்திப் பிடித்தார். நிழல் நீளமாக விழுந்தது. அதுதான் வடக்கு. பொய் சொல்லாத வடக்கு. நிழலோடு சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார், நிமிர்ந்து தன் இருபத்திரண்டு அறைகளையும் பார்த்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தி, இதே இடத்தில், பானைக்குப் பக்கத்தில் நின்று இந்திராதேவி சொன்னது காதில் கேட்டது. அவர் காட்டிய பலகையும் தெருமுனையில் அப்படியே நின்றது.

இந்தமுறை பிழைக்கக்கூடாது. தன் கட்டிலில் இருந்தே தொடங்குவோம் என்று கருவிப்பெட்டியில் இருந்து திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு முதலாம் நம்பர் அறையை நோக்கி நடந்தார். சாம்பவி பின்னால் ஓடி வந்தாள். "அப்பா, அம்மா இப்ப நித்திரை. ஒண்டிலையிருந்து ரண்டு மணி வரைக்கும் படுப்பா."

பகலில் படுப்பாரா? தியாகலிங்கத்துக்கு அது தெரியாது. மெதுவாகத் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

இந்திராதேவி நித்திரையாக இருந்தார். தியாகலிங்கம் முதலில் பயந்தே போனார். ஏதோ மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்தார். தலைமாட்டில் தலை இல்லை. கால் இருந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும், குதிக்கால் வெடித்து, அவர் திருகாணி போட்டு இறுக்கிய பலகைப் பக்கமாக நீட்டியிருந்தன. தலை கால்மாட்டில் இருந்தது. தலையணையும் அங்கேதான். ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கினார். மெத்தையின் அந்த முனையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு நாளில் விழுகிற பள்ளம் அல்ல.

"அம்மா எப்பவும் அப்பிடித்தானே படுக்கிறவ," என்று சாம்பவி முதுகுக்குப் பின்னால் மெல்லச் சொன்னாள். "சின்னனிலை நானும் அவவோடை அப்பிடித்தான் படுத்தனான். எழும்பினவுடனை தலையணையைத் தூக்கி அங்காலை வைச்சுவிடுவா. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சன்."

தியாகலிங்கத்தின் கையில் இருந்த திருகாணி முடுக்கி நிலத்தில் விழுந்தது. இந்திராதேவி கண் விழித்தார். புருசனைக் கண்டு பதறி எழும்பிப் பழக்கதோசத்தில் தலையணையைத் தூக்கித் தலைமாட்டுக்குக் கொண்டுபோனார்.

"விடும்," என்றார் தியாகலிங்கம். "அங்கையே இருக்கட்டும்."

இந்திராதேவி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனேயே விளங்கிவிட்டது.

"இது கிழக்கில்லை எண்டு எப்ப தெரியும் உமக்கு?" என்றார் தியாகலிங்கம்.

"அந்தப் பொங்கலண்டைக்கே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் போர்டைக் காட்டினீங்கள்."

சாம்பவி கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

"திருப்பியும் சொல்லத்தான் நினைச்சன்," என்றார் இந்திராதேவி. "ஆனால் முதல்நாள்தான் கடைசிக் கட்டிலைத் தள்ளிப்போட்டு, முதுகைப் பிடிச்சுக்கொண்டு கீழை இருந்து சிரிச்சியள். நான் கனடாவுக்கு வந்து ஆறு வருசத்திலை நீங்கள் அப்பிடிச் சிரிச்சுக் கண்டதே அண்டைக்குத்தான். அதைப்போய் எப்பிடிக் கெடுக்கிறது? எனக்கென்ன, தலையணையைத் தூக்கி இஞ்சாலை வைச்சா முடிஞ்சுது."

"இத்தனை வருசமாயோ?"

"ஓம். இத்தனை வருசமும். நீங்கள் ஒருநாள் வந்து படுத்தா, ஏன் இப்பிடிப் படுக்கிறாய் எண்டு கேப்பியள்தானே, அப்ப சொல்லுவம் எண்டு இருந்தன்."

மனுசனுக்கு அழுகை வந்தது. அவர் அழுததை இந்திராதேவி அதற்கு முதல் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தலையணை உறையின் நுனியை நீட்டினார். அவர் அதில் மூக்கைத் துடைத்தார். பிறகு எழும்பி வெளியே போனார். சிசிலி வந்து வரவேற்பு மேசையில் காத்திருந்தார், பக்கத்தில் சாம்பவி.

"கட்டிலை உங்கடை விருப்பப்படி போடுங்கோ," என்றார் தியாகலிங்கம். "விரிப்பு எப்பிடி விரிக்கிறதெண்டு மட்டும் என்ரை மனிசியிட்டைக் கேட்டுப் பழகுங்கோ." காட்டிய இடங்களில் எல்லாம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். சாம்பவி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கையெழுத்தின் ஈரம் காயும் முன்னரே முதலாம் நம்பர் அறைக்குத் திரும்பி வந்தார். வெளியே நெடுஞ்சாலையில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. யாரோ மேசை மணியை அடித்தார்கள். கால் தன்பாட்டில் கதவுப் பக்கம் திரும்பியது. திருப்பிப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார். இந்திராதேவி ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தியாகலிங்கம் அலுமாரியில் இருந்து இன்னொரு தலையணையை எடுத்தார்; மனைவியின் மடியில் இருந்ததையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், கால்மாட்டில் வைத்தார். வைத்துவிட்டு, விருந்துக்கு வந்த வீட்டில் எங்கே இருப்பதென்று தெரியாதவர்போல் நின்றார்.

"நீர் எந்தப் பக்கம் படுக்கிறனீர்?" என்று கேட்டார். "இடமோ, வலமோ?"

இந்திராதேவி கட்டிலின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"ரண்டு பக்கமும் என்ரைதானே," என்றார்.